சானிட்டிக்கு 'மனநலம்' சரிவருமா?

> 'சானிட்டி' (sanity, புத்தி தெளிவாக இருக்கும் நிலை) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'மனநலம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. புதுச்சொல் எதற்கு?

ஐயா, அங்கேதான் இடிக்கிறது. மனச்சோர்வு நோயாளிக்கு மனநலம் குன்றியிருக்கிறது. ஆனால் தான் என்ன செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். அவரை யாரும் 'இன்சேன்' (insane, புத்தி பிறழ்ந்தவர்) என்பதில்லை. மருத்துவர்கள் இன்று அதை நோயின் பெயராக எழுதுவதும் இல்லை. இது நீதிமன்றத்துச் சொல். பழைய தண்டனைச் சட்டத்தில் 84ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22. குற்றம் செய்தவர் தண்டனையிலிருந்து விலக்குப் பெற, நோய் இருந்தால் மட்டும் போதாது. செயலின் தன்மையோ அது தவறு என்பதோ அந்த நேரத்தில் அவருக்குப் புரியாமல் இருந்திருக்க வேண்டும்.

1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இன்னும் சுவையானது. பெரும்பாலும் புத்தி தெளிவில்லாதவரும், இடையில் தெளிந்திருக்கும் நேரத்தில் ஒப்பந்தம் செய்யலாம். ஆக, வந்து போகிற ஒரு நிலைக்குத்தான் சொல் வேண்டும். மனநலம் காலையில் போய் மாலையில் வருவதில்லை.

பத்திரங்களில் 'சித்த சுவாதீனம்' இருக்கிறது. சுவாதீனம் என்றால் தன்வயம். குறளில் வரும் கடவுளின் எண்குணத்துக்கு உரை சொல்லும் பரிமேலழகர் முதலில் வைப்பது 'தன்வயத்தனாதல்'. (கடவுளுக்குச் சொன்னதை நமக்குக் கேட்பது பேராசைதான்.) 'உளத்தன்வயம்' என்று வைக்கலாமா?

---

> 'உளத்தன்வயம்' என்று வைக்கலாமா?

அக்கா, சொல் அழகு. ஆனால் பூட்டிய கதவைப் பத்து முறை இழுத்துப் பார்ப்பவரை யோசியுங்கள். கை அவர் வசத்தில் இல்லை; வீண் வேலை என்று அவருக்கே தெரியும். அந்தப் பழக்கத்தை வைத்துச் சட்டம் அவரைப் புத்தி பிறழ்ந்தவர் என்று சொல்லாது. உங்கள் சொல் சொல்லிவிடும்.

ஊரில் குணமானவரைத் 'தெளிஞ்சுட்டார்' என்கிறோம். 'பைத்தியம் தெளிஞ்சு போச்சு, உலக்கையைக் கொண்டா, கோமணம் கட்டிக்கிறேன்' என்ற சொலவடையிலும் அதே வினைதான். கேலி கொஞ்சம் கொடூரம், ஒப்புக்கொள்கிறேன். 'சித்தத்தெளிவு' போதாதா?

---

சரி, கதவிடம் தோற்றேன். 'மனத்தெளிவு' என்றிருந்தால் தியான வகுப்பு விளம்பரம் மாதிரி ஆகியிருக்கும். சித்தத்தில் அந்த ஆபத்து குறைவு. சித்தம் வடசொல் என்று யாராவது வருவார்கள், வரட்டும்.

எதிர்ச்சொல்தான் உதைக்கிறது. 'சித்தத்தெளிவின்மை' தீர்ப்பில் எழுதலாம், வாயில் நுழையாது. 'தெளிவிழப்பு' என்று சுருக்கினால்? இழந்தது திரும்பவும் கிடைக்கலாம் என்பதற்கு அதில் இடம் இருக்கிறது. 12ஆம் பிரிவுக்கும் பொருந்தும். 'பைத்தியம்', 'கிறுக்கு' இரண்டையும் கலைச்சொல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன்.