ஊருணிக்கரையில் கவர் பொறுக்கினால் ஊர் மாறுமா?

வளவுவீடு:
நாலு மாதமாகக் காலை நடைக்குக் கையில் ஒரு மஞ்சப்பையோடு போகிறேன். காரைக்குடி பக்கத்துக் கிராமம், வீட்டுக்கு எதிரே ஊருணி. படித்துறையில் கிடக்கும் பால் கவர், பாக்குப் பொட்டலம், டீ கப் எல்லாவற்றையும் பொறுக்குகிறேன். நேற்று பங்காளி ஒருவர் சிரித்துக்கொண்டே, "இதைப் பொறுக்கித்தான் உலகத்தைத் திருத்தப் போறியாக்கும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. நீங்கள் சொல்லுங்கள், இதில் பிரயோசனம் உண்டா?

ரஸ்தாக்காரன்:
தப்பாக நினைக்காதீர்கள் அண்ணே, உங்கள் பங்காளி கேட்டது சரிதான். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. அப்படியும் கறிக்கடையில் கேட்காமலே கேரி பேக் தருகிறார்கள். தயாரிக்கிற இடத்தைப் பூட்டாமல், குனிந்து பொறுக்குகிற வேலையை நம் தலையில் கட்டிவிட்டார்கள். நாமும் பொறுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறோம்.

அப்புறம், கரை பளிச்சென்று இருந்து என்ன, ஊருணிக்குத் தண்ணீர் வருகிறதா? வானம் பார்த்த பூமி நம்முடையது. ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால், அதான் வரத்துக்கால், முழுக்கச் சீமைக்கருவேலம். இங்கே மாற்றம் வந்ததெல்லாம் பெரிய காரியத்தால். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் காரைக்குடிக்கு 'சிக்ரி' என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்தது, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். தினம் ஒரு கவர் பொறுக்கியா வந்தது அது?

கண்டனூர் ஆச்சி:
தம்பி, மகமை என்று கேள்விப்பட்டதுண்டா? நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், தங்கள் கடைகளில் வியாபாரத்தில் இத்தனைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்கு எடுத்துத் தனிக் கணக்கு எழுதுவார்கள். ஒரு நாள் வரவைப் பார்த்தால் சில்லறைதான். கோயில் திருப்பணிக்கும் ஊருணி வெட்டுவதற்கும் அந்தச் சில்லறைதான் போனது.

எங்கள் ஆயா மழை பிடித்தால் முற்றத்தில் கூரைத் தண்ணீர் கொட்டும் மூலையில் அண்டாவை வைப்பார். உடனே பிடிக்க விடமாட்டார், "ஓடு கழுவட்டும் இரு" என்பார். பிறகுதான் அண்டா வாயில் வெள்ளைத்துணி கட்டுவார். அந்தத் தண்ணீரில் பருப்பு வெண்ணெயாக வேகும். 2003-ல் மழைநீர் சேகரிப்பை அரசாங்கம் கட்டாயமாக்கியபோது ஆயா உயிரோடு இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ரஸ்தாக்காரன்:
ஆச்சி, மகமை என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது! அது மனசு வந்தால் போடுகிற உண்டியல் இல்லையே. விகிதம் உண்டு, பேரேடு உண்டு, கேட்க ஆள் உண்டு. அண்ணன் கவர் பொறுக்குவதற்கு எந்தப் பேரேடு? அவருக்கு ஒரு வாரம் காய்ச்சல் வந்தால் கரை பழையபடிதான்.

வளவுவீடு:
காய்ச்சல் போன மாதமே வந்தது. கரையும் பழையபடிதான் ஆனது. டீக்கடைக்காரர் மட்டும் கப் போடுவதற்கு வாசலில் ஒரு எண்ணெய் டின் வைத்திருந்தார். நான் எதுவும் சொன்னதில்லை.

தம்பி சொன்னது உறுத்தியதால் இன்று காலை வரத்துக்கால் வழியே நடந்து பார்த்தேன். ரோட்டுக்கு அடியில் ஒரு குழாய்ப்பாலம். கம்பை விட்டு இழுத்தால் கவருக்கு மேல் கவர், சேறு பிடித்துப் பாய் மாதிரி வந்தது. நடுவில் யாருடைய கல்யாணத்துத் தாம்பூலப் பையோ, மணமக்கள் பெயர்கூட அழியவில்லை. மூன்று சாக்கு நிறைந்தது. இனி அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியும் என்று குனிந்தேன். தெரியவில்லை. குழாய் வாயை ஒட்டி யாரோ காம்பவுண்டுச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள்.

ரஸ்தாக்காரன்:
இதைத்தான் நான் அப்போதே சொன்னேன். சரி, போட்டோ எடுத்தீர்களா? புல எண் தெரியுமா? பழைய கிராம வரைபடத்தில் அந்தக் கால் இருக்கிறதா என்று பாருங்கள்.

வளவுவீடு:
போட்டோ இருக்கிறது. புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்க வேண்டும்.

கண்டனூர் ஆச்சி:
அக்டோபர் 2-ல் கிராமசபை. அதற்குள் கேட்டு வையுங்கள். மனுவைத் தம்பி எழுதட்டும், அவருக்குத்தான் வாய்க்குக் குறைவில்லையே.

ரஸ்தாக்காரன்:
எழுதுகிறேன் ஆச்சி. கவர் பொறுக்க மட்டும் கூப்பிடாதீர்கள்.