கலைச்சொல் வேண்டும்: வேண்டுமென்றே மட்டமாக எழுதப்படும் கணினி விளையாட்டு

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

1980களின் பிரித்தானிய வீட்டுக் கணினிகளைப் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். இதழ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சிங்க்ளேர் நிறுவனம் 1982இல் வெளியிட்ட இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு எவ்வளவு மட்டமான விளையாட்டைக் கற்பனை செய்ய முடியும் என்று அதன் அன்பர்கள் தமக்குள் நடத்திவரும் போட்டிதான் கட்டுரையின் பொருள். யூஸ்நெட் என்னும் பழைய இணைய உரையாடல் வலையில் உள்ள காம்ப்.சிஸ்.சிங்க்ளேர் செய்திக்குழுவில் 1996இல் தொடங்கிய அந்தப் போட்டியில், ஓராண்டு வென்றவரே அடுத்த ஆண்டு போட்டியை நடத்த வேண்டும். அது பரிசா தண்டனையா என்பதை வாசகரே முடிவு செய்துகொள்ளட்டும்.

இவ்வகை விளையாட்டுகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் கொச்சையானது. அதன் நேர்ப்பொருளை இதழில் அச்சிட முடியாது. வரைவில் 'மட்டமான விளையாட்டு' என்று எழுதிப் பார்த்தேன். அது வெறும் வருணனையாக நிற்கிறதே தவிரப் பெயராக நிற்கவில்லை. மேலும், கட்டுரையாளர் இவற்றுள் மூன்று வகை காண்கிறார். நல்லவை என்று சொல்லி விற்கப்பட்டு மட்டமாக அமைந்தவை முதல் வகை. கேஸ்கேட் கேம்ஸ் நிறுவனம் 1983இல் ஐம்பது விளையாட்டுகளை ஒரே ஒலிநாடாவில் அடைத்து, கணிப்பான் பொருத்திய கைக்கடிகாரம் ஒன்றையும் இலவசமாகச் சேர்த்து, 9.95 பவுண்டுக்கு விற்ற 'கேசட் 50' இதற்குச் சான்று. மட்டமானவை என்று சொல்லியே விற்கப்பட்டவை இரண்டாம் வகை; தன்னிடம் வந்து சேர்ந்தவற்றுள் படுமோசமான ஐந்தைத் தொகுத்து, 'இதை வாங்காதீர்' என்னும் பொருள்பட 'டோன்ட் பை திஸ்' என்று பெயரிட்டு, ஃபயர்பேர்டு நிறுவனம் 1985இல் வெளியிட்டது. மட்டமாக இருக்க வேண்டும் என்றே எழுதப்படுபவை மூன்றாம் வகை. போட்டிக்கு வருபவை இவை. மூன்றையும் தழுவிய ஒரு சொல் கிடைத்தால் அடைகொடுத்துப் பிரித்துக்கொள்வேன். உதவ வேண்டுகிறேன்.

அனுப்புநர்: புலவர்

'புன்மை' இருக்கக் கவலை எதற்கு? புன் + ஆட்டம் = புன்னாட்டம். தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டும் என்பது நன்னூல் விதியாதலால் புணர்ச்சியிலும் குறையில்லை. நன்செய்க்கு எதிர் புன்செய் என்பதுபோல் நல்லாட்டத்துக்கு எதிர் புன்னாட்டம். விளையாட்டு என்ற நெடுஞ்சொல்லைத் தவிர்த்து ஆட்டம் என்று சுருக்கியதையும் கவனிக்க. சொல் முடிந்தது, அச்சுக்கு அனுப்பலாம்.

அனுப்புநர்: நிரலர்

ஐயா, மன்னிக்க வேண்டும், சொல் முடியவில்லை. புன்செய் என்பது கெட்ட நிலம் அன்று. நீர்ப்பாசனம் இல்லாத நிலம். அதில் கம்பும் சோளமும் விளைகின்றன. புன்னகையும் கெட்ட நகை அன்று, சிறுநகை. அந்த வழியில் வருகிறவர் புன்னாட்டத்தைச் 'சிறிய ஆட்டம்' என்றுதான் கொள்வார். ஐந்து நிமிடத்தில் ஆடி முடிக்கும் நல்ல சிற்றாட்டங்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் நம்மேல் வருத்தப்படுவார்கள்.

சொல்லைத் தேடும் முன் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது என்பதால் என் பங்குக்கு ஓர் ஆட்டத்தைக் கற்பனை செய்கிறேன். ஸ்பெக்ட்ரமின் பேசிக் மொழியில் நிரலை நிறுத்திவைக்கும் பாஸ் (PAUSE) என்றொரு கட்டளை உண்டு. அதற்கு 65535 என்ற எண்ணைக் கொடுத்தால், நொடிக்கு ஐம்பது என்ற கணக்கில், ஏறத்தாழ 22 நிமிடம் கணினி சும்மா இருக்கும். இடையில் ஏதாவது விசையைத் தொட்டால் காத்திருப்பு முடிந்துவிடும். என் ஆட்டத்தின் பெயர் 'தேநீருக்கு வெந்நீர் கொதிக்கிறது'. விசையைத் தொட்டால் நீர் கொதிக்கும் முன் இறக்கியவராகத் தோற்கிறீர்கள். தொடாவிட்டால் பொங்கி வழியவிட்டவராகத் தோற்கிறீர்கள். இரண்டுக்கும் முடிவு ஒன்றே என்பதால் எது நடந்தது என்று நிரல் சோதிக்கவேண்டிய தேவையும் இல்லை. இதைச் 'சிறிய ஆட்டம்' என்று யாராவது அழைத்தால் எனக்கு மனம் நோகும்.

அனுப்புநர்: லண்டன் வாசகி

நிரலரின் வெந்நீர் நன்றாகவே இருக்கிறது. ஆனால் அதை எந்தக் கணினியிலும் எழுதலாம் என்பது அதன் குறை. அந்தக் கணினியின் குறைபாட்டிலிருந்தே ஆட்டத்தின் மட்டம் முளைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்பெக்ட்ரமில் எட்டு நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒளிகூட்டிய வடிவம் ஒன்று உண்டு. கருப்புக்கு ஒளி கூட்டினாலும் அது கருப்பாகவே இருக்குமாதலால் பதினாறு என்று எண்ணிய இடத்தில் பதினைந்துதான் தேறும். இதை வைத்து ஓர் ஆட்டம்: திரையில் இரண்டு கருப்புக் கட்டங்கள் தோன்றும், ஒளிகூட்டிய கருப்பு எது என்று சொல்ல வேண்டும். இது வேறெந்த இயந்திரத்துக்கும் இவ்வளவு பொருந்தாது.

சொல்லுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்து வழக்கில் கெட்டதைக் 'கூடாதது' என்போம். கெட்டவனைக் 'கூடாத ஆள்' என்போம். திருக்குறளில் கூடாநட்பு, கூடாவொழுக்கம் என்று இரண்டு அதிகாரங்கள் இருப்பதை இங்கே நினைவூட்டத் தேவையில்லை. அகத்தே கூடாமல் புறத்தே கூடியதுபோல் காட்டுவது கூடாநட்பு. ஆட்டம்போல் தோன்றி, ஆட்டத்தின் இயல்போடு கூடாமல் நிற்பதைக் கூடாவாட்டம் என்று சொன்னால் என்ன? மட்டம் என்ற பொருளும் பாசாங்கு என்ற பொருளும் ஒருங்கே கிடைக்கின்றன.

இதற்கு ஒரு சான்று தருகிறேன். 1987இல் தி பவர் ஹவுஸ் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்குவிஜ்' என்ற ஆட்டத்தின் ஸ்பெக்ட்ரம் வடிவத்தில் நாயகனான பறவை எந்த விசைக்கும் அசையாது. நிரல் பேரெழுத்துப் பூட்டை (கேப்ஸ் லாக்) எப்போதும் இட்டே வைத்திருந்தது. அதே நிரல், அழுத்தப்பட்டது சிற்றெழுத்தா என்றும் பார்த்துக்கொண்டிருந்தது. திரையும் பறவையும் மதிப்பெண்ணும் இருக்க, ஆடுவது மட்டும் நிகழாத ஒன்றுக்குக் கூடாவாட்டத்தைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

அக்கா, மிக்க நன்றி. இது என் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. இடையில் ஒரு சிறு ஐயம்: எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட ஒரு கட்டத்தில் இரண்டு நிறங்களுக்குமேல் காட்ட முடியாததால், நாயகன் மரத்தருகே போனதும் மரத்தின் பச்சை அவன்மேல் ஒட்டிக்கொள்ளும் குறைபாட்டை 'வண்ண மோதல்' என்று எழுதியிருக்கிறேன். மறுப்பு உண்டா?

அனுப்புநர்: நிரலர்

வண்ண மோதல் சரி.

கூடாவாட்டத்தைப் பற்றி: எழுத்தில் அழகு, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் 'கூடா வாட்டம்' என்றல்லவா காதில் விழுகிறது? உடம்படுமெய்யாக வந்த வகரம் ஆட்டத்தை வாட்டமாக்கிவிட்டது. 'ஐம்பது கூடாவாட்டங்கள்' என்று படித்தால் நாடாவைக் காசுகொடுத்து வாங்கிய சிறுவனின் முகவாட்டம்தான் நினைவுக்கு வரும்.

அனுப்புநர்: லண்டன் வாசகி

அதுவும் பொருந்தத்தானே செய்கிறது?

அனுப்புநர்: புலவர்

இரவு முழுவதும் சிந்தித்தேன். விடையைத் தொல்காப்பியர் உரியியலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு' என்பது நூற்பா. கெடவரல் என்னும் உரிச்சொல்லுக்கு விளையாட்டு என்பதே பொருள். அதே சொல்லை இன்றைய வாசகர் 'கெட்டுப்போக வருதல்' என்று தாமாகவே பிரித்துக்கொள்வார். விளையாட்டு என்னும் பொருளும் கேடு என்னும் ஒலியும் ஒரே சொல்லில் பொதிந்திருக்க, நாம் புதிதாக ஏன் ஒட்டுப்போட வேண்டும்? மற்றொரு சொல்லான பண்ணையையும் விட்டுவிட மனம் வரவில்லை. பயிரிட்டு மாடு வளர்க்கும் கணினி விளையாட்டுகளுக்கு அதை ஒதுக்கினால், பண்ணை என்ற ஒரே சொல் இருபொருளிலும் நின்று சிலேடையாகும். பண்ணை என்னும் சொல் 'பண்ணு' என்பதோடு தொடர்புடையதா, 'பள்' என்னும் வேரிலிருந்து கிளைத்ததா என்பதைப் பற்றி விரிவாக எழுதவேண்டியிருக்கிறது...

அனுப்புநர்: நிரலர்

புலவர் ஐயா, அதைத் தனி மடலாக எழுதுங்கள், கட்டாயம் படிக்கிறேன். ஆனால் கெடவரலில் உள்ள 'கெட' கெடுதலைக் குறிக்காது என்பதைத் தாங்களே நன்கு அறிவீர்கள். பிறர் ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்துச் சொற்பிறப்பு சொன்னால் கண்டிக்கும் தாங்கள், இங்கே ஒலி ஒற்றுமையை நம்பியே சொல் படைக்கலாமா? அன்றியும் வாசகருக்கு அது விளையாட்டு என்றே தெரியாது. ஒரு நூற்பாவைப் படித்த பிறகே தலைப்பு விளங்கும் என்றால், அந்தக் கட்டுரையும் போட்டிக்கு அனுப்பத் தகுந்ததாகிவிடும்.

அனுப்புநர்: ஆசிரியை

நான் பள்ளியில் கணினி கற்பிப்பவள். நிரலாக்க வகுப்பில் மாணவர்களிடம் நல்ல விளையாட்டை எழுதச் சொன்னால் பாதிப்பேர் தொடங்குவதற்கே அஞ்சுகிறார்கள். மிக மோசமானதை எழுதுங்கள் என்று சொன்னதும் எல்லோரும் எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இந்தச் சொல் எனக்கும் தேவைப்படுவதால்தான் குறுக்கிடுகிறேன்.

வகுப்பில் நான் எடுத்துக்காட்டும் ஆட்டம் புல்வெட்டும் ஆட்டம். யுவர் சிங்க்ளேர் என்னும் கணினி இதழ் 1988இல் முட்டாள்கள் தினக் கேலியாக 'அட்வான்ஸ்டு லான்மோவர் சிமுலேட்டர்' என்றொரு விளையாட்டுக்கு மதிப்புரை எழுதியது. எம் விசையை அழுத்தினால் புல்வெட்டும் இயந்திரம் நகரும், ஆட்டம் அவ்வளவுதான். பின்னாளில் அந்தப் போட்டிக்கு அதன் நகல்கள் வந்து குவிந்தன. மாணவர்கள் இதைக் கேட்டதும் ஒரே குரலில் சொன்ன சொல் 'குப்பை'. புன்மையும் கூடாமையும் கெடவரலும் அவர்கள் வாயில் வரவில்லை. 'குப்பை ஆட்டம்' என்றால் விளக்கவுரை வேண்டியதில்லை, இதழிலும் அச்சிடலாம்.

அனுப்புநர்: லண்டன் வாசகி

குப்பை என்றால் வெறும் வசையாகிவிடாதா, டீச்சர்? இந்த ஆட்டங்களை எழுதுகிறவர்கள் அந்தக் கணினிமேல் உள்ள அன்பினால் எழுதுகிறார்கள். ஒளிகூட்டிய கருப்பைப் பற்றி அன்பில்லாதவர் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார். குப்பை என்ற சொல் 'கேசட் 50'க்குப் பொருந்தும். மூன்றாம் வகைக்குப் பொருந்தாது.

அனுப்புநர்: புலவர்

குப்பையைப் பற்றி நானே ஒன்று சொல்லியாக வேண்டும். என் கட்சிக்கு எதிரானது என்பதற்காக மறைக்க மாட்டேன். பழந்தமிழில் குப்பை என்பது குவியல்; கழிவு என்ற பொருள் மட்டும் அதற்கு இல்லை. ஐம்பது ஆட்டங்களை ஒரே நாடாவில் குவித்ததைக் குப்பை என்பது பழைய பொருளிலும் சரி, புதிய பொருளிலும் சரி. குறுந்தொகையில் 'குப்பைக் கோழித் தனிப்போர்' என்னும் தொடரால் பெயர்பெற்ற குப்பைக்கோழியார் என்றொரு புலவர் இருக்கிறார். குப்பைமேட்டில் இரண்டு கோழிகள் தாமாகவே சண்டையிட்டுக்கொள்கின்றன. மூட்டிவிடுவாரும் இல்லை, விலக்கிவிடுவாரும் இல்லை.

தம்பி நிரலருக்கு: இதை ஸ்பெக்ட்ரமில் எழுத முடியுமா? இரண்டு கோழிகள், ஆடுபவருக்கு எந்த விசையும் கிடையாது, இரண்டும் ஓயும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அனுப்புநர்: நிரலர்

எழுதலாம் ஐயா. இரண்டு கோழிகளும் ஒரே கட்டத்துக்குள் வந்தால் வண்ண மோதலால் எது எந்தக் கோழி என்று தெரியாமல் போகும். அதனால் வென்றது எது என்று நிரலும் சொல்லவேண்டியதில்லை. லண்டன் அக்கா கேட்ட இலக்கணமும் நிறைவேறிவிடுகிறது. இதுவரை இங்கே வந்த கற்பனைகளுள் இதுவே மிக மோசமானது என்று பணிவுடன் அறிவிக்கிறேன்.

குப்பை ஆட்டத்துக்கு என் வாக்கு.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

நாளை வெள்ளி. ஆசிரியையும் நிரலரும் 'குப்பை ஆட்டம்' என்கிறார்கள். எனக்கும் அதுவே எளிதாக இருக்கிறது. லண்டன் அக்காவின் மறுப்பில் நியாயம் இருப்பதால் மூன்றாம் வகைக்கு மட்டும் 'விரும்பிச் செய்த குப்பை ஆட்டம்' என்று நீட்டியிருக்கிறேன். நீளந்தான், வேறு வழி தெரியவில்லை. கூடாவாட்டத்தை ஓரிடத்தில் மாற்றுச் சொல்லாகக் குறிப்பிட்டிருக்கிறேன்.

அனுப்புநர்: லண்டன் வாசகி

மாற்றுச் சொல்லாக நின்றால் போதும். நான் எழுதும்போது கூடாவாட்டம் என்றே எழுதுவேன்.

அனுப்புநர்: புலவர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் ஒரு பிழையைச் சுட்டாமல் இருக்க முடியவில்லை. குப்பை, ஆட்டம் என்று இடைவெளி விட்டு எழுதுவது தொகைச்சொல்லுக்கு ஆகாது. ஐகாரத்தின் முன் உயிர் வந்தால் யகரம் தோன்றும். ஆகவே 'குப்பையாட்டம்' என்றே எழுத வேண்டும். அப்படி எழுதினால் பேச்சு வழக்கில் அது 'குப்பை போல' என்று பொருள்படும். 'வீடு குப்பையாட்டம் கிடக்கிறது' என்று யாரும் சொல்வார்கள். இலக்கணப்படி எழுதினால் பொருள் மாறுகிறது. பொருளைக் காத்தால் இலக்கணம் குலைகிறது. கெடவரலுக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதைப் பதிவு செய்துகொள்ள வேண்டுகிறேன்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர்

ஐயா, பதிவு செய்துகொண்டேன். பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்விட்டன, இடைவெளியோடுதான் போயிருக்கின்றன.

அனுப்புநர்: புலவர்

மறுபதிப்பில் திருத்திக்கொள்ளலாம். பண்ணையைப் பற்றிய தனி மடலை இன்றிரவு அனுப்புகிறேன்.