பிளஸ் டூ: அன்னிக்கு 1200, இப்போ 600. பாடத்துல என்ன மாறியிருக்கு?

தென்றல்77:
பத்தாவது முடிச்ச பிள்ளைக்கு குரூப் எடுக்கணும். வீட்டுல பெரியவங்களுக்குத் தெரிஞ்சது 1200 மார்க் கணக்குதான். இப்போ 600ன்னா பாடமே குறைஞ்சிருக்கா? இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட்ஆஃப் மார்க் எப்படிப் போடறது? கம்ப்யூட்டர் இன்ஜினியரிங்னா கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கட்டாயமா?

சாக்பீஸ்:
பாடம் குறையல. அப்பவும் இப்பவும் ஆறுதான். பாடத்துக்கு 200 இருந்தது 100 ஆச்சு, மொழிப்பாடத்துக்கு ரெண்டு தாள் இருந்தது ஒண்ணாச்சு. அறிவியல்ல முன்னாடி தியரி 150, பிராக்டிகல் 50. இப்போ தியரி 70, பிராக்டிகல் 20, அகமதிப்பீடு 10. அந்த 30 முழுசா வந்தாலும் தியரியில 15 எடுக்கலைன்னா ஃபெயில்தான்.

கட்ஆஃப்ல நிறையப் பேர் தப்பு பண்றாங்க. பழைய முறையில கணக்கை 2-ஆலயும், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியை 4-ஆலயும் வகுப்போம். 180, 160, 168 எடுத்திருந்தா 90+40+42 = 172. இப்போ கணக்கு அப்படியே வரும், மத்த ரெண்டை மட்டும் 2-ஆல வகுக்கணும். 90, 80, 84 எடுத்தா அதே 172. புது மார்க்குக்குப் பழைய கணக்கைப் போட்டா 86-ன்னு வரும், பயந்துடாதீங்க.

நெல்லிமரம்:
கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் கட்டாயமில்ல. அண்ணா பல்கலைக்கழகக் கவுன்சிலிங் கட்ஆஃப்ல சேர்றது கணக்கு, பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மட்டும்தான். கணக்கு-பயாலஜி குரூப் எடுத்தாலும் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் போகலாம், நீட்டும் எழுதலாம். ஆனா சுமை ஜாஸ்தி: தாவரவியல், விலங்கியல்னு ரெண்டு புத்தகம், ரெண்டு பிராக்டிகல்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடம்தான் தலைகீழா மாறிப்போச்சு. பழைய பன்னிரண்டாம் வகுப்புல ஸ்டார் ஆபீஸ்ங்கிற ஆபீஸ் மென்பொருளும், சி பிளஸ் பிளஸ்ங்கிற புரோகிராமிங் மொழியும். இப்போ சி பிளஸ் பிளஸ் பதினொண்ணுக்கு இறங்கிடுச்சு. பன்னிரண்டுல பைத்தான்ங்கிற இன்னொரு புரோகிராமிங் மொழி, டேட்டாபேஸுக்கான எஸ்கியூஎல். லேப்ல பிள்ளைங்க திணறுற இடம் ஒண்ணு உண்டு. சி பிளஸ் பிளஸ்ல நெளிவு அடைப்புக்குறி போட்டுப் பழகிட்டு வருவாங்க. பைத்தான்ல வரி முன்னால விடுற இடைவெளி பிசகினாலே புரோகிராம் ஓடாது.

சாக்பீஸ்:
இன்னொண்ணு. பிளஸ் ஒன் பாடத்தைத் தள்ளிட்டு ரெண்டு வருஷமும் பிளஸ் டூ நடத்துற வழக்கத்தை நிறுத்தத்தான் 2018-ல பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26-லேருந்து அதை எடுத்துட்டாங்க. பழைய வழக்கம் திரும்பிடும்ங்கிற கவலை எனக்கு நிறையவே இருக்கு. சேர்க்கும்போதே பிளஸ் ஒன் புத்தகம் முழுசா நடத்துவாங்களான்னு கேளுங்க. நீட், ஐஐடி மாதிரி இடங்களுக்கான ஜேஇஇ ரெண்டுலயும் பிளஸ் ஒன் பாடத்துலேருந்தும் கேள்வி வரும். பதினொண்ணுல வகை நுண்கணிதம் படிக்காதவங்க பன்னிரண்டுல அதோட பயன்பாடுகள்னு வர்ற பாடத்துல முதல் கணக்கிலேயே நின்னுடுவாங்க.