ஆங்க்ர் வரைந்த பாகனினி: பார்க்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு சின்னப் பென்சில் ஓவியத்தைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். 1819இல் ரோமில் பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் வரைந்தது. வயலின் கலைஞர் பாகனினிக்கு அப்போது 35 தாண்டியிருந்தாலும், படத்தில் இன்னும் இளமையாகத்தான் தெரிகிறார்.

முகத்தை அவ்வளவு நுணுக்கமாக இழைத்தவர், மேலங்கியைச் சில கோடுகளோடு விட்டுவிட்டார். பார்வை முகத்திலேயே நிற்கட்டும் என்பதற்காகவா? அப்புறம், வயலின் கக்கத்தில் இருக்கிறது, வாசிக்கவே இல்லை. முகத்திலும் அப்படி ஒரு அமைதி!

1831இல் இன்னொரு பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவா தீட்டிய பாகனினியோ இருட்டில் ஒடுங்கி, உடல் வளைந்து, வாசிப்பிலேயே கரைந்து நிற்கிறார். சாத்தானிடம் ஆன்மாவை விற்றவர் என்று ஊர் பேசிய மனிதர் அவர்தான் என்று நம்பலாம். ஆங்க்ரின் படத்தில் அந்தச் சாயலே இல்லை.

ஆங்க்ரும் வயலின் வாசிப்பவர். அதனால் சக கலைஞனாகப் பார்த்து வரைந்தாரா, அல்லது தெளிவான கோட்டின் மீது அவருக்கிருந்த பிடிவாதம்தான் இந்த அமைதியா? எனக்கு முதலாவதுதான் சரி என்று படுகிறது. ஓவியம் பயின்றவர்களும் வயலின் வாசிப்பவர்களும், ஆங்க்ர் வரைந்த அந்தக் கைகளைப் பார்த்து உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லுங்களேன்.