காவடிப் பதிவுச் செயலி: எந்த வேலை எந்த அடுக்கில்?

வணக்கம். மொரீஷியஸ், ரோஸ்ஹில்லிலிருந்து எழுதுகிறேன். தைப்பூசக் காவடி எடுப்போர் எங்கள் கோயிலில் பெயர் பதிவதற்கு ஒரு வலைச் செயலி உருவாக்கி வருகிறோம். அன்று இங்கே அரசு விடுமுறை. கூட்டம் சொல்லி மாளாது.

செயலிக்கு மூன்று அடுக்குகள்: உலாவியில் படிவம், சர்வரில் விதிகளைக் கவனிக்கும் நடு அடுக்கு, அடியில் தரவு அடுக்காகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். உலாவியில் நடக்கும் சோதனையை எவரும் தாண்டிவிடலாம் என்பதால் சர்வரிலும் அதையே திரும்பச் செய்கிறோம். இதுவரை குழப்பமில்லை.

ஒரு மணி நேரத்துக்கு 40 பேர் என்பது வரம்பு. கடைசி இடத்துக்கு இருவர் ஒரே நொடியில் வந்தால், இருவருக்குமே 'இடம் உண்டு' என்று பதில் போய்விடுகிறது. பரிவர்த்தனையை (முழுதாக நடக்கும், இல்லையேல் எதுவுமே நடக்காத செயல்தொகுப்பு) நடு அடுக்கில் தொடங்கி முடிப்பதா, தரவு அடுக்குக்குள்ளேயே அந்த மணி நேரத்துக்கான அட்டவணை வரிசையை (row) மற்றவர் மாற்ற முடியாதபடி பூட்டுவதா? நடு அடுக்குக்குத் தரவுத்தளத்தின் வாடையே படக்கூடாது என்பது என் கட்சி. உடன் வேலை செய்யும் தம்பி ஒப்புக்கொள்வதாக இல்லை; அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இன்னொன்று எழுத்து. பெரும்பாலோர் ரோமன் எழுத்தில் பெயர் தருகிறார்கள். தமிழில் தருபவர்களும் உண்டு. 'கோவிந்தன்' என்பதில் ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடினால் ஒன்று கிடைக்கிறது, மற்றது கிடைப்பதில்லை. சர்வருக்குள் நுழையும்போதே ஒரே வடிவுக்கு மாற்றிவிடுவதா, அது தரவு அடுக்கின் கடமையா?

செய்து பார்த்தவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள். சிறிய நிரல் துண்டு ஒன்றும் சேர்த்தால் பேருதவியாக இருக்கும்.