வராதவங்க பட்டியல்

குழு: ரோட்டரி குடும்பம் (42 பேர்)
செவ்வாய்க்கிழமை ராத்திரி

செயலாளர் தம்பி, 10:12
எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னைக்குக் கூட்டத்துக்கு வந்தது 11 பேரு. கண் தானத்தைப் பத்திப் பேசறதுக்குக் கோயமுத்தூர்ல இருந்து பஸ் ஏறி வந்த டாக்டர் ஐயாவுக்கு எழுவது வயசுக்கு மேல. நாப்பது சேர் போட்டிருந்தோம். மைக்கைப் புடிச்சவரு ஒருக்கா சேரையெல்லாம் பாத்தாரு. அப்புறம் மைக்கை மேசை மேல வெச்சுட்டுக் கீழ எறங்கி வந்து, முன்வரிசைச் சேர் ஒண்ணைத் திருப்பிப் போட்டு எங்களுக்கு எதிர்ல உக்காந்து பேசுனாரு. ஒரு சொல்லு கொறை சொல்லலீங்க. எனக்கு வெசனமாப் போச்சு.

ரைஸ்மில் மாமா, 10:15
மாப்ள, ஈரோட்டுல இருந்து லோடு வர லேட்டாயிருச்சு. இல்லாட்டி வந்திருப்பேன்.

விசைத்தறி அண்ணன், 10:16
நூல் பார்ட்டி வந்துட்டாருங்க. மன்னிச்சுக்கோங்க 🙏

தலைவர் அண்ணன், 10:20
ஜூலை 1 பொறந்தா நம்ம சங்கத்துக்குப் புது வருசம், புதுத் தலைவர். இப்படியே போனா அடுத்து வர்ற தலைவர் யாரை வெச்சுக் கூட்டம் நடத்துவாரு? வராதவங்களுக்குப் பைன் போட்டுருலாமுங்களா?

டெய்லர் அக்கா, 10:24
அண்ணா, பைன் வேண்டாமுங்க. இன்னைக்கு வந்த 11 பேருல நானும் ஒருத்தி, அதனால சொல்றேன். கண் தானம் எழுதிக் குடுத்தவங்க தவறிட்டா 6 மணி நேரத்துக்குள்ள கண்ணை எடுக்கோணும். அது வரைக்கும் ஃபேனை நிறுத்தி, இமையை மூடி, மேல ஈரத்துணி போட்டு வெக்கோணுமாமா. எங்க மாமனார் எழுதிக் குடுத்திருந்தாருங்க. அவரு போனப்ப நாங்க ஃபேனை வேகமா வெச்சுட்டு அழுதுட்டிருந்தோம். இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேன். இத்தனை நல்ல விசயத்தை 31 பேரு கேக்காமப் போனாங்களேன்னுதான் மனசு கெடக்குது.

டெய்லர் அக்கா, 10:29
ஆனா அவியளை மட்டும் சொல்லிப் புண்ணியமில்லீங்க. 7:30ன்னு போடறோம், வெளக்கு ஏத்தறப்ப 8:10. அப்புறம் மேடையில இருக்கற ஒவ்வொருத்தருக்கும் பொன்னாடை, போட்டோ. டாக்டர் வாயைத் தொறக்கறப்ப 8:45. எனக்குக் கடைசி பஸ் 9:10ங்க. பாதியில எந்திரிச்சு வந்தப்ப அவரு மொகத்தை என்னால பாக்க முடியல.

தலைவர் அண்ணன், 10:31
இதை ஏம்மா இத்தனை நாளாச் சொல்லலை?

டெய்லர் அக்கா, 10:33
நாலு வருசத்துல ஒருத்தரும் என்னைக் கேக்கலீங்ணா.

பழைய தலைவர் ஐயா, 10:41
அம்மிணி சொல்றது நியாயம். ஒரு விசயம் ரோசனை பண்ணுங்கோ. போலியோ சொட்டு மருந்து நாள்ல நம்ம சங்கத்துல ஒருத்தன் தவறுனதுண்டா? காலையில 7 மணிக்கே ஐஸ் பெட்டியோட பூத்துல நிப்போம். சந்தைக்கிட்ட ஒருத்தன், பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன். 2011 ஜனவரி 13, ஹவுராவுல வந்ததுதான் நாட்டுல கடைசிக் கேஸ். 2014 மார்ச் 27ல போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழ் வந்தப்ப நான் கண்ணுல தண்ணி விட்டேன். அன்னைக்கு எங்களை யாரும் பைன் போட்டுக் கூப்புடலை. நீ போகலீன்னா அந்தப் பூத்துல ஆளில்லை, அவ்வளவுதான். செவ்வாக்கெழமைக் கூட்டத்துல நாம போகலீன்னா எது நின்னு போகுது? நெம்பப் பேருக்கு அங்க சோலியே இல்லை.

விசைத்தறி அண்ணன், 10:44
உண்மைங்கய்யா. வந்தா உக்காந்து கை தட்டிட்டு சாப்புட்டு வர்றோம்.

செயலாளர் தம்பி, 10:47
அதுக்குத்தானுங்க போன மாசம் வராதவங்க பட்டியல் போட்டேன். பாத்தாவது வருவாங்கன்னு.

கொப்பரைக் களத்து அண்ணன், 11:02
தம்பி, அந்தப் பட்டியல்ல மொதப் பேரு என்றது.

கொப்பரைக் களத்து அண்ணன், 11:06
இதைச் சொல்லக்கூடாதுன்னுதான் இருந்தேன். அஞ்சு மாசமா எங்கூட்டுல அவளுக்கு டயாலிசிஸ். வாரத்துக்கு மூணு நாள் கூட்டீட்டுப் போகோணும். போய்ட்டு வந்தா களத்துல கொப்பரை கெடக்கும், சாரல் வந்தா தார்ப்பாய் இழுக்க ஆளிருக்காது. அன்னைக்கு ஆஸ்பத்திரி வெராந்தாவுல உக்காந்திருந்தேன். போன்ல டிங்குன்னு சத்தம். நம்ம குழுதான், யாரோ வெசாரிக்கறாங்கன்னு தொறந்தேன். "தொடர்ந்து வராதவர்கள்: 1"ன்னு என்ற பேரு. பதினாலு வருசம் இந்தச் சங்கத்துல இருக்கறனுங்க. அஞ்சு மாசத்துல ஒரு போன் வரலை.

செயலாளர் தம்பி, 11:07
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செயலாளர் தம்பி, 11:15
அண்ணா, உங்களுக்கு இப்பத்தான் போன் பண்ணுனேன், எடுக்கலீங்க. அக்கா தூங்கியிருப்பாங்க, புரியுது. பட்டியலை எழுதுனவன் நாந்தான். பேரைப் பாத்தேன், ஆளை நெனைக்கலை. நாளைக்குக் காலையில வெள்ளெனே வீட்டுக்கு வர்றேன். என்ற தப்பை இங்கயே எல்லாரும் பாக்கறாப்புல எழுதறதுதான் மொறை.

ரைஸ்மில் மாமா, 11:18
மாப்பிள்ளை, நானும் வர்றேன். களத்துக்கு மில்லுல இருந்து ரெண்டு ஆளை அனுப்பீர்றேன். மழை போற வரைக்கும் இருக்கட்டும்.

டாக்டரம்மா, 11:24
அண்ணா, ஆஸ்பத்திரிக்குப் போற நாள்ல ஒரு நாளை நாங்க பாத்துக்கறோம். எங்க கார் சும்மாதான் நிக்குது. கெழமையை மட்டும் சொல்லுங்க.

கொப்பரைக் களத்து அண்ணன், 11:30
🙏 வியாழன்.

(புதன்கிழமை)

தலைவர் அண்ணன், காலை 9:05
களத்து அண்ணன் வீட்டுக்கு நானும் போயிட்டு வந்தேனுங்க. அக்கா காப்பி போட்டுக் குடுத்தாங்க. ராத்திரி முச்சூடும் ரோசனை பண்ணுனதைச் சொல்றேன். பைன் பேச்சை விட்டுருங்க. பொன்னாடையும் வேண்டாம், பேச வர்றவங்களுக்கு ஒரு தென்னங்கன்னு போதும். 7:30ன்னா ரெண்டு பேரு இருந்தாலும் 7:30க்கு வெளக்கு, 8:30க்கு முடிவு. சாப்பாடு அப்புறம், பஸ் புடிக்கறவங்க பொட்டலம் வாங்கீட்டுப் போகலாம்.

செயலாளர் தம்பி, 9:11
வாட்ஸ்அப்புல அழைப்பு போட்டா போதும்னு இனி நெனைக்க மாட்டேனுங்க. ஆறு பேரு ஆளுக்கு ஏழு பேரைக் கூப்புட்டுப் பேசோணும். கூட்டத்துக்கு வரச் சொல்றது கடைசியில, மொதல்ல வீட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கோணும். ஒவ்வொரு வாரமும் மூணு பேருக்கு சோலி: ஒருத்தர் வாசல்ல நின்னு வாங்கன்னு கூப்புடோணும், ஒருத்தர் தன்ற தொழிலைப் பத்திப் பத்து நிமிசம் பேசோணும், ஒருத்தர் நன்றி சொல்லோணும்.

பழைய தலைவர் ஐயா, 9:20
இன்னொண்ணு. ரோட்டரின்னு பேரு எப்படி வந்துச்சு? 1905 பிப்ரவரி 23, சிக்காகோவுல நாலு பேரு கூடுனாங்க. வக்கீல் பால் ஹாரிஸ், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இஞ்சினியர், ஒரு டெய்லர். அப்புறம் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருத்தர் எடத்துல சுத்திச் சுத்திக் கூடுனாங்க, அதனாலதான் அந்தப் பேரு. நாம வருசக்கணக்கா ஒரே ஏசி ஹாலுக்கு வாடகை குடுக்கறோம். மாசத்துல ஒரு கூட்டமாவது நம்ம ஆளுக தொழில் நடக்கற எடத்துல நடத்துனா என்ன?

டெய்லர் அக்கா, 9:26
அந்த நாலு பேருல ஒரு டெய்லர் இருந்தாருங்களா ஐயா?

பழைய தலைவர் ஐயா, 9:27
ஆமா அம்மிணி. ஹிராம் ஷோரின்னு பேரு.

டெய்லர் அக்கா, 9:34
அப்படீன்னா மொதக் கூட்டம் எங்க கடையில வெச்சுருங்க. மிஷின் ஆறையும் செவுத்தோரமாத் தள்ளீட்டா நாப்பது பேரு உக்காரலாம். ஒரு சட்டைக்குத் துணி எப்படிக் கணக்குப் பண்றோம்னு பத்து நிமிசம் நானே பேசறேன். ஆனா எங்கிட்ட சேர் எட்டுத்தானுங்க இருக்குது.

கொப்பரைக் களத்து அண்ணன், 9:41
சேர் எதுக்குங்க. எங்கூட்டுல பவானி ஜமக்காளம் ரெண்டு இருக்குது, பெருசு. செவ்வாக்கெழமை ஏழு மணிக்கு நானே கொண்டாந்து விரிக்கறேன்.