ஏழு மணிக்கு நாலு அடிக்கும் சுவர்க் கடிகாரம்: உதவி தேவை

யாங்கோனில் இருக்கிறேன். தாத்தா காலத்துப் பெண்டுலம் கடிகாரம்; சாவித் துளை இரண்டு, பின்தகட்டில் ஜெர்மனி என்று மட்டும் பொறித்திருக்கிறது. போன மாதம் வீடு மாறி மாட்டியதிலிருந்து, முள் ஏழில் நின்றால் மணி நாலுதான் அடிக்கிறது. அரை மணிக்கு ஒன்று, அது சரி.

சாய்வு பார்த்து மாட்டியாச்சு, டிக்-டிக் சீராக இருக்கிறது. பெரிய முள்ளை முன்னோக்கியே நகர்த்தி, ஒவ்வொரு முறையும் அடித்து முடியும்வரை காத்திருந்தும் பார்த்தேன். அந்த மூன்று மணி வித்தியாசம் கூடவே வருகிறது. இங்கே கடைகளில் பேட்டரி கடிகாரம்தான் பார்க்கிறார்கள். கரண்ட் போகும் இரவுகளில் அம்மாவுக்கு இந்த மணிதான் நேரம் சொல்லும்.

பின்பக்கம், சமமில்லாத இடைவெளியில் வெட்டுகள் உள்ள சக்கரமும் அதில் விழும் கொக்கியும் தெரிகின்றன. கொக்கியைக் கையால் தூக்கித் தூக்கி, ஏழு அடிக்கும்வரை ஓட்டலாமா, அல்லது சின்ன முள்ளை மணிக்கு ஏற்றபடி திருப்ப வேண்டுமா?